எந்திரம் காட்டிய திருடன்!

2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஒரு வியாழக்கிழமை.

அமெரிக்காவில் டெட்ராயிட் என்று ஒரு நகரம் இருக்கிறது. மோட்டார் கார் உற்பத்திக்குப் பெயர் போன ஊர். அதை அடுத்த ஒரு சிறிய ஊரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் குடும்பத்தோடு வசித்து வந்தார். அவர் கறுப்பு இனத்தவர். மோட்டார் சாமான்கள் சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. மூத்தவளுக்கு வயது 5. சின்னவளுக்கு வயது 2.

அன்று அவர் கம்பெனியில் வேலையாக இருந்தபோது டெலிபோன் மணி அடித்தது.

"டெட்ராயிட் போலீசில் இருந்து பேசுகிறோம். உன்னைக் கைது செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்து சேர்!"

வில்லியம்ஸ் திடுக்கிடவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். வேலை முடிந்ததும் வழக்கம் போல் வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். உடனே பின்னால் ஒரு போலீஸ் கார் வந்து வழியை மறித்து நின்றது. இரண்டு போலீசார் இறங்கினார்கள். அவர் கைகளில் விலங்கை மாட்டினார்கள். மனைவியும் இரண்டு குழந்தைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதற்காக என்னைப் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார் வில்லியம்ஸ்.

போலீசார் ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் அவருடைய படம் இருந்தது. திருட்டுக் குற்றம் என்றும் எழுதி இருந்தது.

"அவரை எங்கே கொண்டு போகிறீர்கள்?" என்று மனைவி பதறினார்.

"கூகிளில் தேடிப் பார்த்துக்கொள்!" என்று பதில் வந்தது.

அன்று இரவு முழுவதும் வில்லியம்ஸ் லாக்-அப்பில் இருந்தார். அவருடைய கைரேகையை எடுத்தார்கள். படம் பிடித்தார்கள். எதைத் திருடினார் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை!

"இது நீதானே?"

மறுநாள் விசாரணை நடந்தது. ஒரு மேஜை. எதிரே இரண்டு துப்பறியும் அதிகாரிகள். மேஜை மீது மூன்று தாள்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அதிகாரி முதல் தாளைத் திருப்பினார். ஒரு கடையில் கண்காணிப்புக் காமிரா எடுத்த படம் அது. கறுப்பு உடையும் சிவப்புத் தொப்பியும் அணிந்த, பருத்த உடம்புள்ள ஒரு மனிதன், கைக்கடிகாரங்கள் அடுக்கி இருக்கும் இடத்துக்கு முன்னால் நிற்கிறான்.

"இது நீதானே?"

"நான் இல்லை."

அடுத்த தாளைத் திருப்பினார். அதே மனிதனின் முகம், பெரிதாக. படம் தெளிவில்லாமல் மங்கி இருந்தது.

வில்லியம்ஸ் அந்தப் படத்தை எடுத்துத் தம் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நன்றாகப் பாருங்கள். இது நான் இல்லை. கறுப்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?"

அதிகாரிகள் படத்தைப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் தவறு செய்துவிட்டது போலிருக்கிறது" என்றார் ஒருவர்.

அப்போதுதான் வில்லியம்சுக்கு விஷயம் விளங்கிற்று. அவரைத் திருடன் என்று எந்த மனிதனும் முதலில் சொல்லவில்லை. சொன்னது ஓர் எந்திரம்!

அப்படியும் உடனே விடுதலை கிடைக்கவில்லை. மாலை வரை காத்திருந்து, 1,000 டாலர் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். மனைவி வந்து அழைத்துப் போகும் வரை மழையில் நின்றார். அவர் போலீஸ் காவலில் கழித்த நேரம் சுமார் 30 மணி.

ஐந்து கடிகாரங்கள்

திருட்டு நடந்தது உண்மைதான். 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டெட்ராயிட்டில் ஒரு கடையில் 5 கைக்கடிகாரங்கள் திருட்டுப் போயின. அவற்றின் விலை 3,800 டாலர். அப்போதைய கணக்கில் நம் பணம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

கடையில் கண்காணிப்புக் காமிரா இருந்தது. திருடியவனின் உருவம் அதில் பதிவாகி இருந்தது. அந்தப் பதிவைப் போலீசாரிடம் கொடுத்தார்கள்.

முன் காலமாக இருந்தால் போலீசார் என்ன செய்திருப்பார்கள்? படத்தை எடுத்துக்கொண்டு நாலு இடத்தில் விசாரித்திருப்பார்கள். பழைய கேடிகளின் ஆல்பத்தைப் புரட்டி இருப்பார்கள். இந்தக் காலத்தில் வேறு வழி வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் படம் மிச்சிகன் மாநிலப் போலீஸ் இலாகாவின் முகம் பார்க்கும் எந்திரத்துக்கு அனுப்பப்பட்டது.

எந்திரம் என்றவுடன் சக்கரமும் பல்லும் சுழலும் பெரிய பொறி என்று எண்ண வேண்டாம். அது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு கணக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கு பார்க்கும் வேலை சாதாரண வேலை அல்ல.

காமிராவின் வேலை

கடைகளிலும் ரெயில் நிலையங்களிலும் கூரை ஓரத்தில் காமிரா தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கலாம். அது ஒரு விநாடிக்கு 25 அல்லது 30 படம் என்று எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் 20 லட்சம் படங்களுக்கு மேல் சேர்ந்துவிடும். இத்தனையையும் உட்கார்ந்து பார்க்க எந்தக் காவலரால் முடியும்? அரை மணி நேரம் பார்ப்பதற்குள் கண் சொக்கிவிடும்.

ஆகையால் பார்க்கும் வேலையையும் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு மனிதன் என்றால் என்ன, நாற்காலி என்றால் என்ன என்று முதலில் தெரியாது. அதற்குத் தெரிந்தது புள்ளிகள்தான். படம் என்பது லட்சக்கணக்கான சிறு புள்ளிகளின் கூட்டம். அது இந்தப் படத்தையும் இதற்கு முந்திய படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். சுவர் அங்கேயே இருக்கும். தூண் அங்கேயே இருக்கும். மாறாத புள்ளிகளைத் தள்ளிவிடும். மாறிய புள்ளிகள் மட்டும் மிஞ்சும். அங்கே ஏதோ அசைகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொள்ளும்.

அசைவது காற்றில் ஆடும் மரக்கிளையாகவும் இருக்கலாம். மழைத்துளியாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் வந்த எந்திரங்கள் இவற்றைக் கண்டு ஏமாந்தன. காமிராவின் மீது சிலந்தி நடந்தால் கூட ஆள் வந்துவிட்டான் என்று மணி அடித்தன! இப்போது வருபவை, ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை. இது ஆள், இது கார், இது நாய் என்று பெரும்பாலும் பிரித்துவிடும்.

ஆளைக் கண்டுகொண்ட பிறகு, அவனைத் தொடர வேண்டும். அவன் எந்தப் பக்கம் போகிறான், எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று கணக்கிட்டு, அடுத்த விநாடி எங்கே இருப்பான் என்று எந்திரம் முன்கூட்டியே ஊகிக்கும். அவன் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்தாலும், மறுபக்கம் எங்கே வெளிப்படுவான் என்று பார்த்துக் காத்திருக்கும். ஒரு காமிராவின் எல்லையைத் தாண்டினால் அடுத்த காமிரா பிடித்துக்கொள்ளும். சட்டையின் நிறம், உயரம், கையில் பை இருக்கிறதா என்பதை எல்லாம் வைத்து இவன்தான் அவன் என்று முடிச்சுப் போடும்.

நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. தெருக்கோடியில் வருவது தன் மகன்தான் என்று முகம் தெரிவதற்கு முன்பே தாய் சொல்லிவிடுவாளே!

ஆனால் தாய்க்கும் எந்திரத்துக்கும் ஒரு வேற்றுமை இருக்கிறது. தாய்க்கு மகனைத் தெரியும். எந்திரத்துக்கு யாரையும் தெரியாது.

முகம் எண்ணாகிறது!

முகத்தைக் கம்ப்யூட்டரிடம் காட்டி ஆளைக் கண்டுபிடிக்கும் எண்ணம் புதிது அல்ல. 1964, 1965ஆம் ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் உட்ரோ பிளெட்சோ என்ற விஞ்ஞானி இதில் இறங்கினார். அவருடைய முறையில், ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கண்ணின் ஓரம், வாயின் ஓரம், நெற்றி முடி தொடங்கும் இடம் ஆகியவற்றை ஓர் ஆள் கையாலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். அவற்றில் இருந்து 20 அளவுகள் எடுக்கப்படும். வாயின் அகலம் எவ்வளவு? ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடையே தூரம் எவ்வளவு? இப்படி ஒருவர் மணிக்கு 40 படங்களைக் குறிக்கலாம். பிறகு கம்ப்யூட்டர் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்.

பிளெட்சோ அப்போதே சில தடைகளை எழுதி வைத்தார். தலை திரும்பினால் அளவு மாறிவிடுகிறது. வெளிச்சம் மாறினால் முகம் மாறிவிடுகிறது. சிரித்தால் ஒரு மாதிரி, முறைத்தால் ஒரு மாதிரி. வயது ஏறினால் இன்னொரு மாதிரி. அவர் சொன்ன தடைகள் இன்னும் முழுவதும் விலகவில்லை.

2014ஆம் ஆண்டில் ஒரு பெரிய மாறுதல் வந்தது. பேஸ்புக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கினார்கள். இரண்டு படங்களைக் காட்டி, "இருவரும் ஒருவரா, வேறு வேறு ஆட்களா?" என்று கேட்கும் பரீட்சையில் அது 100க்கு 97க்கு மேல் மார்க் வாங்கியது. மனிதர்கள் வாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டில் கூகிள் கம்பெனியார் ஒவ்வொரு முகத்தையும் 128 எண்களாக மாற்றும் முறையை வெளியிட்டனர். எப்படி என்றால், ஒரே ஆளின் பல படங்களைக் கொடுத்தால் எண்கள் ஒன்றை ஒன்று நெருங்கி இருக்கும். வேறு வேறு ஆட்களின் படமானால் எண்கள் விலகி இருக்கும். எந்த எண் மூக்கைக் குறிக்கிறது, எது கண்ணைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்திரம் தானாகப் பழகிப் பிடித்துக்கொண்ட கணக்கு அது.

ஆக, எந்திரம் சொல்வது "இவன்தான் அவன்" என்பது அல்ல. "இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே தூரம் குறைவு" என்பதுதான். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

ஒருவரைப் போல் ஏழு பேர்

உலகத்தில் ஒருவரைப் போல் ஏழு பேர் இருப்பார்கள் என்று பாட்டிமார் சொல்வது உண்டு. எந்திரத்துக்கு ஏழு பேர் போதாது!

மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் மக்கள் சுமார் 1 கோடி. அங்கே முகம் தேடும் எந்திரத்தில் இருந்த போட்டோக்கள் 4 கோடியே 90 லட்சம்! கார் ஓட்டும் லைசென்சுக்காக எடுத்த படம், அதைப் புதுப்பித்தபோது எடுத்த படம், கைதானவர்களின் படம் என்று ஒருவருக்கே பல படங்கள் இருக்கும். லைசென்சு வாங்கப் போய் நின்ற ஒவ்வொருவரும், தமக்குத் தெரியாமலே, ஒவ்வொரு திருட்டு வழக்கிலும் அணிவகுத்து நிற்கிறார்கள்.

ஒரு லட்சம் படங்களை ஒப்பிட்டால் ஒரே ஒரு தடவைதான் எந்திரம் தவறும் என்று வைத்துக்கொள்வோம். மிகவும் கெட்டிக்கார எந்திரம் என்று சொல்லலாம். ஆனால் 4 கோடியே 90 லட்சம் படங்களில் தேடினால்? சம்பந்தமே இல்லாத 490 படங்களை அது எடுத்து நீட்டும். படக் குவியல் பெருகப் பெருக, முகம் ஒத்தவர்களும் பெருகுவார்கள். உண்மைத் திருடனின் படம் அந்தக் குவியலில் இல்லாமலே போகலாம். அப்போதும் எந்திரம் கையை விரிக்காது. இருப்பதற்குள் நெருங்கியவர் யாரோ அவரை எடுத்துக் கொடுத்துவிடும்.

கடிகாரத் திருட்டிலும் அப்படித்தான் நடந்தது. மங்கலான அந்தப் படத்துக்கு எந்திரம் 200க்கு மேற்பட்ட படங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தது. அதில் வில்லியம்சின் படம் ஒன்பதாவது. அதுவும் காலம் கடந்துபோன பழைய லைசென்சில் இருந்த படம்!

படங்களைப் பரிசோதித்த நிபுணர், அந்த ஒன்பதாவது படத்தைப் பொறுக்கி எடுத்துப் போலீசாருக்கு அறிக்கை அனுப்பினார். "இது ஆள் அடையாளம் அல்ல. துப்புத் துலக்க ஒரு குறிப்பு மட்டுமே. கைது செய்வதற்கு இது ஆதாரம் ஆகாது" என்று பெரிய எழுத்தில் அந்த அறிக்கையில் எழுதி இருந்தது.

எழுதி இருந்து என்ன பயன்?

சாட்சி யார்?

கைது செய்வதற்குச் சாட்சி வேண்டும். போலீசார் 6 பேருடைய படங்களை ஒரு தாளில் ஒட்டினார்கள். அவற்றில் ஒன்று வில்லியம்சின் லைசென்சுப் படம். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதை ஒரு பெண்மணியிடம் காட்டி, "திருடியவன் இவர்களில் யார்?" என்று கேட்டார்கள். அவர் வில்லியம்சைக் காட்டினார்.

அந்தப் பெண்மணி யார்? கடையின் பாதுகாப்பைக் கவனிக்கும் கம்பெனி ஒன்றைச் சேர்ந்தவர். திருட்டு நடந்தபோது அவர் கடையிலேயே இல்லை! திருடனை நேரில் பார்த்ததும் இல்லை. காமிராப் பதிவைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

எந்திரம் ஒரு பதிவைப் பார்த்துச் சாயல் சொன்னது. அதே பதிவைப் பார்த்த பெண்மணி அதே சாயலைச் சொன்னார். இரண்டு சாட்சிகள் போலத் தோன்றுகிறது. உண்மையில் இருந்தது மங்கலான ஒரே படம்தான். ஆறு படங்களில் ஐந்து படங்கள் யாரோ எவரோ. ஆறாவது, எந்திரம் சல்லடை போட்டு எடுத்துக் கொடுத்த சாயல் முகம். யாரிடம் காட்டினாலும் அதைத்தானே காட்டுவார்?

திருட்டு நடந்த நேரத்தில் வில்லியம்ஸ் எங்கே இருந்தார்? வேலை முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது ரேடியோவில் அவருக்குப் பிடித்த ஒரு பாட்டு வந்தது. அதோடு சேர்ந்து பாடியபடி தம்மைத் தாமே படம் பிடித்து, இன்ஸ்டகிராமில் போட்டிருந்தார். தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. கைதுக்கு முன்னால் அதை யாரும் விசாரிக்கவில்லை.

நிறமும் வெளிச்சமும்

வில்லியம்ஸ் கறுப்பர் என்பதற்கும் இந்தத் தவறுக்கும் சம்பந்தம் உண்டா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையம் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. முகம் பார்க்கும் கணக்கு முறைகள் 189ஐ எடுத்து, 85 லட்சம் பேருடைய 1 கோடியே 82 லட்சம் படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரை மற்றொருவர் என்று தவறாகச் சொல்லும் பிழை, வெள்ளையர் முகத்தைவிடக் கறுப்பர், ஆசியர் முகங்களில் மிகவும் அதிகமாக இருந்தது. சில முறைகளில் 10 மடங்கு. சிலவற்றில் 100 மடங்கு!

ஆசிய நாடுகளில் தயாரான சில முறைகளில் மட்டும் ஆசியர் முகத்துக்கும் வெள்ளையர் முகத்துக்கும் அத்தனை வேற்றுமை காணப்படவில்லை. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ, அந்த முகங்களை எந்திரம் நன்றாகப் பார்க்கிறது என்று இதில் இருந்து ஊகிக்கலாம். பட்டணத்தில் வளர்ந்த பையனுக்கு மாட்டு மந்தையில் எல்லா மாடும் ஒன்று. மேய்ப்பவனுக்கு ஒவ்வொன்றும் வேறு.

எந்திரம் எல்லாம் எல்லா நாளும் இப்படித் தவறும் என்று சொல்ல முடியாது. நல்ல வெளிச்சத்தில், நேராக நின்று எடுத்த படமானால் இன்றைய கணக்கு முறைகள் மிகவும் திறமையாக வேலை செய்கின்றன. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் படத்தோடு முகத்தை ஒப்பிடுவது அப்படிப்பட்ட வேலை. கூரை மூலையில் இருந்து, தொப்பி போட்டவனை, அரை வெளிச்சத்தில் பிடித்த படம் வேறு சங்கதி.

தேடியவர் இருந்தும் தெரியாமல் போன கதையும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் நகரில் ஓட்டப் பந்தயத்தின்போது குண்டு வெடித்தது. குண்டு வைத்த சகோதரர் இருவரின் உருவமும் காமிராக்களில் பதிவாகி இருந்தது. இருவருடைய போட்டோக்களும் அரசாங்கத்தின் குவியலிலும் இருந்தன. எந்திரம் அவர்களைக் காட்டவில்லை. போலீசாரோடு நடந்த சண்டையில் ஒருவன் இறந்த பிறகு, கைரேகையை வைத்துத்தான் அவன் பெயர் தெரிந்தது.

நம் தலைநகரான டில்லியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டில் டில்லி போலீசார் காணாமல் போன குழந்தைகளைத் தேட இந்த முறையைச் சோதித்தார்கள். நான்கே நாட்களில் சுமார் 3,000 குழந்தைகள் அடையாளம் காணப்பட்டதாக ஐகோர்ட்டில் சொல்லப்பட்டது. படித்தவர்கள் உள்ளம் குளிர்ந்தார்கள். மறு ஆண்டில் அதே ஐகோர்ட்டில் மத்திய அரசின் குழந்தைகள் நல இலாகா வேறு விதமாகச் சொன்னது. அந்த எந்திரத்துக்கு ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் வித்தியாசம் கூடத் தெரியவில்லையாம்!

பச்சை விளக்கு நகரம்

டெட்ராயிட் நகரம் காமிராக்களின் நகரம். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் 8 பெட்ரோல் பங்குகளில் ஒரு திட்டம் தொடங்கிற்று. கடைக்காரர் காமிரா வைக்க வேண்டும். காமிரா காட்டுவது அப்படியே போலீஸ் தலைமை நிலையத்துக்குப் போகும். கடை வாசலில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கடைகள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தன. இரவில் கடைக்குப் போக அஞ்சியவர்களுக்குப் பச்சை விளக்கு ஒரு தைரியம். வாசற்படியில் நின்று பேசுவதைக் கூடப் போலீஸ் பார்க்கிறதே என்று மனம் கூசியவர்களும் உண்டு. இரு சாராரும் அதே தெருவில் வசிப்பவர்கள்தான்.

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் நகரப் போலீஸ் கமிஷன் விதிகள் வகுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் காமிராப் படத்தில் முகம் தேடக்கூடாது. அடிதடி, கொலை, வீடு புகுதல் போன்ற பெரிய குற்றங்களுக்கு மட்டுமே எந்திரத்தைப் பயன்படுத்தலாம். அந்த விதிப்படி பார்த்தால் கடிகாரத் திருட்டுக்கு எந்திரத்தையே தொட்டிருக்க முடியாது. ஆனால் விதி வருவதற்கு ஆறு மாதம் முன்பே வில்லியம்சின் படம் வெளியே வந்து, வழக்குக் கட்டில் ஏறிவிட்டது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் நகரத்தின் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க் ஒரு பொதுக் கூட்டத்தில் மனம் திறந்து பேசினார். வேறு விசாரணை இல்லாமல் எந்திரத்தை மட்டும் நம்பினால் 100க்கு 96 தடவை தவறான ஆளைத்தான் காட்டும் என்று அவரே சொன்னார்!

கோர்ட்டில் முடிவு

கைதான இரண்டு வாரத்தில் வில்லியம்ஸ் மீது இருந்த வழக்கு தள்ளுபடி ஆயிற்று. அந்த ஆண்டு ஜூன் மாதம் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு, அரசாங்க வக்கீல் மன்னிப்புக் கேட்டார். கைரேகையையும் வழக்குப் பதிவையும் அழித்துவிட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

ஏட்டில் இருப்பதை அழித்துவிடலாம். அவருடைய வீட்டில் குழந்தைகள் திருடன் போலீஸ் விளையாடத் தொடங்கி இருந்தார்கள். திருடன் வேஷம் அப்பாவுக்கு!

2021ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் டெட்ராயிட் நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அதே ஊரில் இன்னொரு சம்பவம் நடந்தது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஒரு காலை நேரம். 8 மாதக் கர்ப்பிணியான ஒரு பெண், தன் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படச் செய்துகொண்டிருந்தாள். வாசலில் போலீசார் வந்து நின்றார்கள். காரைப் பறித்துக் கொள்ளை அடித்ததாக அவள் மீது குற்றச்சாட்டு! "இந்த வயிற்றை வைத்துக்கொண்டா?" என்று கேட்கத் தோன்றும். எந்திரம் தேர்ந்தெடுத்தது 8 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பழைய படம். காமிராவில் தெரிந்த பெண் கர்ப்பிணியே அல்ல என்று பிறகு தொடுத்த வழக்கில் அவள் கூறினாள். சுமார் 11 மணி நேரம் காவலில் இருந்து, ஜாமீனில் வெளியே வந்து, அவள் நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு. அடுத்த மாதம் அந்த வழக்கும் தள்ளுபடி ஆயிற்று. அவளும் கறுப்பு இனத்தவள்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வில்லியம்சின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவருக்கு 3 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்க நகர நிர்வாகம் சம்மதித்தது. நம் பணத்தில் சுமார் இரண்டரைக் கோடி ரூபாய்.

பணத்தைவிட வில்லியம்ஸ் வற்புறுத்தியது விதிகளைத்தான். எந்திரம் காட்டிய முகத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது. எந்திரம் எடுத்துக் கொடுத்த படத்தை நேராகக் கொண்டுபோய்ச் சாட்சியிடம் காட்டவும் கூடாது. குற்றத்தோடு அந்த ஆளைச் சம்பந்தப்படுத்த வேறு ஆதாரம் கிடைத்த பிறகே காட்டலாம். எந்திரம் எப்படித் தவறும், கறுப்பர் முகத்தில் ஏன் கூடுதலாகத் தவறும் என்று போலீசாருக்குப் பாடம் நடத்த வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் அதில் சேர்க்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு முதல் முகம் பார்க்கும் எந்திரத்தைப் பயன்படுத்திக் கைது வாரண்டு வாங்கிய வழக்குகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை கட்டுகளையும் டெட்ராயிட் போலீசார் மறுபடி அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.